அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா

ஜூலை 1, திங்கள்

ஹெச்.எம். அருள்தாஸ் சார் இன்றைக்கு ஒரு பெரிய அறையையே என் தலையில் கட்டிவிட்டார். பள்ளியின் பின்பக்கம் இருக்கிற பழைய லேப். இனிமேல் பிள்ளைகள் ராத்திரி ஒன்பது மணி வரை அதில் இருக்கலாமாம். சுண்டல் உண்டு, படிக்க இடம் உண்டு, பெற்றோர் வந்தால் டீ உண்டு. ஞாயிற்றுக்கிழமை பள்ளி போர்வெல் தண்ணீரில் துணி துவைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை நர்ஸ் வருவாராம். செலவு முன்னாள் மாணவர் சங்கத்துடையது. உழைப்பு என்னுடையது.

"ஏன் சார் நான்?" என்று கேட்டேன்.

"உங்களைப் பார்த்தாத்தான் எல்லாரும் பயப்படுவாங்க டீச்சர்" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள். காலையில் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். நாலரைக்குப் பள்ளி விட்டதும் பிள்ளைகள் லைன் வீட்டு வாசலிலும் கடைவீதியிலும் சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் இத்தனை வருடம் கணக்கு நடத்திய கலாமணிக்குக் கடைசி காலத்தில் சுண்டல் கரண்டியா?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு டிவியோடு மட்டும்தான் பேச்சுவார்த்தை. திரும்பாமலே "அப்ப ராத்திரிச் சோறு?" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 2, செவ்வாய்

பத்தாம் வகுப்பில் அறிவித்தேன். "எல்லாரும் நாளைக்கு அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கிட்டு வாங்க. கூட்டிட்டு வராம ஒருத்தரும் கிளாஸுக்குள்ள நுழையக் கூடாது." வகுப்பு கப்சிப். என் பேச்சுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

மாவு புளித்துவிட்டது. நாளைக்குப் பணியாரம்.

ஜூலை 3, புதன்

பாதி வகுப்பு காலி. வந்தவர்களில் ஒருவனுக்குக் காது வீங்கியிருந்தது. "என்னடா?" என்றால், "அப்பா அடிச்சாருங் டீச்சர்." "எதுக்கு?" "நீங்க கூப்பிட்டீங்கன்னு சொன்னதுக்குங்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா" என்றால் இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். பிள்ளை ஏதோ தப்புப் பண்ணிவிட்டது, வந்து வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அதற்கு அரைநாள் கூலியும் போகும். டீ குடிக்க யாராவது இப்படிக் கூப்பிடுவார்களா? நான் கூப்பிட்டிருக்கிறேன்.

பிள்ளைகளோடு வந்தவர்கள் வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவனின் "சித்தப்பா" எங்கள் தெருமுனை டீக்கடை மாஸ்டர். எனக்கு வணக்கம் வைத்துவிட்டு நைசாக நழுவினார். கோபிகா என்கிற பெண் தன் அம்மாவைக் கூட்டிவந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, இரைப்பு வாங்கியது. நான் வாயைத் திறக்குமுன் அந்தம்மா கோபிகாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"நீங்க நல்லா அடிங் டீச்சர். கண்ணை மட்டும் உட்டுப்போட்டுத் தோலை உரிச்சுப்போடுங். நான் ஒண்ணுங் கேக்கமாட்டேன்."

"அம்மா, இவ ஒரு தப்பும் பண்ணலைங்க. கணக்குல முதல் மார்க் வாங்குறவ."

அந்தம்மா கோபிகாவைப் பார்த்தார். கோபிகா தரையைப் பார்த்தாள். "அப்புறம் எதுக்குங் கூப்பிட்டீங்?" என்று பாவமாகக் கேட்டார்.

"டீ குடிக்கத்தான்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தம்மா பெயர் தெய்வானையாம். இரண்டு டீ குடித்தார். கோபிகாவின் முதுகைத் தடவிக்கொண்டே குடித்தார்.

ஜூலை 8, திங்கள்

"கூட்டிக்கிட்டு வா" என்கிற வார்த்தைக்கு இந்தப் பள்ளியில் தடை போட்டாயிற்று. "உங்க அம்மாவுக்குச் சௌகரியப்பட்டா வரச் சொல்லு சாமி" என்று சொல்ல வேண்டும். என் வாயில் அது நுழைய மாட்டேன் என்கிறது. மற்ற டீச்சர்கள் முந்தானைக்குள் சிரிக்கிறார்கள்.

அறைக்கு ஹெச்.எம். ஒரு விதி போட்டிருக்கிறார். சாயங்காலம் தங்குகிற பிள்ளையைப் பெற்றவர்களே நேரில் வந்து அழைத்துப் போக வேண்டும். தெய்வானை தினமும் ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறார். பஞ்சுத் தூசு நெஞ்சுக்கு ஆகாமல் கம்பெனி வேலையை விட்டுவிட்டாராம். கோபிகா படித்து முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்காமல் சுண்டல் பாத்திரம் கழுவித் தருகிறார்.

ஜூலை 19, வெள்ளி

அறையில் மூன்று மின்விசிறி, மூன்றும் ஓடாது. வீட்டில் புலம்பினேன். அவர் டிவியை அணைத்தார்! "நாளைக்கு வந்து பாக்குறேன்" என்றார்.

ஜூலை 20, சனி

வந்தார். பார்த்தார். மூன்றையும் ஓட வைத்தார். அப்புறம் வீட்டுக்குப் போகாமல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்விட்ச் போர்டைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தொந்தரவு. ஒரு டப்பா கூடுதலாகச் சாதம் கட்ட வேண்டியிருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

துணி துவைக்கும் நாள். கார்ப்பரேஷன் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் கூட்டம் அள்ளிவிட்டது. ஊருக்கே உடுப்புத் தைத்துக் கொடுக்கிறவர்கள், தங்கள் உடுப்பை அலசத் தண்ணீர் இல்லாமல் மூட்டை கட்டி வருகிறார்கள். பள்ளி மைதானத்தில் கயிறு கட்டியதும் என் வீட்டுக்காரர்தான். கோல்போஸ்ட்டிலிருந்து கொடிக்கம்பம் வரைக்கும் சேலைகள். ஹெச்.எம். பார்த்தால் மயங்கி விழுவார். தெய்வானை எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து அதிகாரம் பண்ணினார். கெட்டிக்காரி.

கோபிகாவின் யூனிபார்மைத் தெய்வானை தனியாக எடுத்து, காலர் தேயும்படி சோப்புப் போட்டார். பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மகன் பெங்களூரில் மெஷினில் போடுகிறான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நர்ஸ் வந்திருந்தார். பெண் பிள்ளைகளுக்கு ரத்தம் பார்த்தார். கோபிகாவின் முறை வந்ததும், பக்கத்தில் நின்ற தெய்வானையிடம், "பிறந்தப்ப எடை சரியா இருந்துச்சாம்மா? எந்த மாசம் பொறந்தா?" என்று கேட்டார்.

தெய்வானை முழித்தார். "அது... நல்ல வெயில் காலமுங்."

நர்ஸ் கையிலிருந்த கோபிகாவின் அட்டையில் டிசம்பர் என்றிருந்தது.

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் கோபிகாவைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தெய்வானை பக்கத்து வீட்டுக்காரர். கல்யாணமாகிப் பதினைந்து வருடம், பிள்ளையில்லை. உண்மையான அம்மா முருகேஸ்வரி, கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர். அப்பா இறந்து நாலு வருடமாயிற்று.

"ஏண்டி இந்த நாடகம்?"

"எங்கம்மா ஸ்கூலுக்கு வரமாட்டாங்க டீச்சர். இனி ஒரு தடவ ஸ்கூல்ல கூப்பிட்டாங்கன்னு வந்து நின்னியன்னா படிச்சது போதும்னு நிப்பாட்டிருவேன்னு சொல்லிருக்காங்க. ஏன்னு கேட்டாச் சொல்ல மாட்டாங்க. அதான் அத்தையக் கூட்டிட்டு வந்தேன்."

"என்னையே ஏமாத்தறியா?" என்று கத்தினேன். தெய்வானை என் காலைப் பிடிக்க வந்தார். விலகிவிட்டேன். கோபம் தலைக்கேறிவிட்டது. உடனே முருகேஸ்வரிக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஸ்கூல்ல வந்து நிக்கணும்" என்றேன். எதிர்முனையில் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் போன் கட்டாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, சனி

முருகேஸ்வரி வரவில்லை. கோபிகாவும் வரவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்றும் இல்லை. சாயங்காலம் தெய்வானை வந்தார். உள்ளே வராமல் கதவுக்கு வெளியிலேயே நின்றார். "புள்ளைய ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறாளுங் டீச்சர். தீவாளிக்கு ஊருக்குப் போனா அங்கயே அவ அண்ணங்காரன் ஊட்ல உட்டுப்போட்டு வந்துருவாளாமா. சாயந்தரத்துல பொம்பளப்புள்ள தனியா இருக்கறது பயம்னு எப்பவுமே சொல்லுவாளுங். உங்க அறை வந்தப்புறம் அந்தப் பேச்சையே எடுக்காம இருந்தா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த அண்ணன் மகனுக்கு இருவத்தி நாலு வயசுங். எனக்கு வேற எதுவும் சொல்லத் தெரியலீங்."

வேற எதுவும் சொல்ல வேண்டியதில்லை. புரிந்துவிட்டது.

ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் என் பக்கம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் பார்க்கலாம் என்று முருகேஸ்வரியின் கம்பெனிக்குப் போனேன்.

வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "யாருங்? என்ன விசயம்?" "டீச்சருங்க." "எந்த டீச்சரா இருந்தாலும் அக்கட்டால நில்லுங். லாரி வர்ற வழி." நின்றேன். உட்கார இடமில்லை. உள்ளே போகிற ஆபீஸ் பையன்கள் எல்லோரும் நான் ஏதோ தப்புச் செய்தவள் போல ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரிடம் காட்டுவது?

முருகேஸ்வரி வந்தார். தலைமுடியெல்லாம் நூல் பிசிறு. என்னைவிட எத்தனையோ சின்னவர், பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"டீச்சரா? இங்கிட்டு ஏன் வந்தீக?"

"நான் போன்ல பேசினது தப்பும்மா. கோபிகாவை அனுப்புங்க. பத்தாவது, பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை."

"தீவாளி வரைக்கும் அனுப்புதேன். பகல்ல மட்டும். சாயந்தரம் இருக்க வேணாம்."

"ஏம்மா? ஒரே ஒரு தடவை நீங்க ஸ்கூலுக்கு வந்து, தெய்வானை கூட அனுப்பலாம்னு ஹெச்.எம். கிட்டச் சொல்லிட்டாப் போதுமே. மூணு நிமிஷ வேலை."

"ஸ்கூலுக்குள்ள மட்டும் என்னயக் கூப்பிடாதீக டீச்சர். வேற எங்க வேணா வாரேன். உங்க வீட்டுக்குக்கூட வாரேன். அங்க வேணாம்."

"ஏன்னு சொல்லுங்க."

மணி அடித்தது. போய்விட்டார். சாப்பிடாமலே போய்விட்டார், என்னோடு பேசியதிலேயே சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிட்டது. அது எனக்குப் பாதி வழியில்தான் தோன்றியது.

செப்டம்பர் 2, திங்கள்

கோபிகா வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேட்ட கணக்குக்கு மட்டும் பதில் சொன்னாள். சரியான விடை.

ஹெச்.எம்.மிடம் போய், விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று கேட்டேன். "டீச்சர், பெத்தவங்க சொல்லாம ஒரு பெண் பிள்ளையை நான் எப்படி இன்னொருத்தரோட அனுப்புவேன்? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அந்தம்மா ஒரு தடவை வரட்டும்" என்றார். சண்டை போடத்தான் போனேன். அவர் சொல்வதில் நியாயம் இருந்ததால் போட முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

செப்டம்பர் 15, ஞாயிறு

துணி துவைக்க எல்லோரும் வந்தார்கள். முருகேஸ்வரி வரவில்லை. துணி மூட்டையைத் தெய்வானையிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மூட்டை உள்ளே வரலாம், ஆள் வரக் கூடாது.

அக்டோபர் 20, ஞாயிறு

தெய்வானை என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் வருவதை நிறுத்தவில்லை. கோபிகா இல்லாத சாயங்காலங்களிலும் ஏழு மணிக்கு வருகிறார், சுண்டல் தாளிக்கிறார், யார் பிள்ளையாவது தூங்கிவிட்டால் மடியில் போட்டுக்கொள்கிறார். இன்று அவருக்கும் அவர் கையால் டீ போட்டுக் கொடுத்தேன்... எழுதியதைப் படித்தால் யார் யாருக்குக் கொடுத்தது என்றே புரியவில்லை. என் வீட்டுக்காரர் டீ போட்டார், நான் தெய்வானைக்குக் கொடுத்தேன். "என்னை மன்னிச்சுக்கங்க" என்று அவரிடம் சொன்னேன். "அட உடுங் டீச்சர், சக்கரை பத்தலை" என்றார்.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளி விடுமுறைக்குமுன் கடைசி நாள். கோபிகா எல்லாப் புத்தகத்தையும் பையில் எடுத்து வைத்தாள். டெஸ்க்குக்குள் ஒன்றையும் விடவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு முறுக்கைக் கொடுத்தார்கள்.

"டி.சி. வாங்க எங்க மாமா வருவாங்க டீச்சர்" என்றாள்.

"உனக்குப் போக இஷ்டமா?"

"எங்கம்மா தனியாத்தான் டீச்சர் எல்லாத்தையும் பாத்துக்குறாங்க. நான் இருந்தாத்தான் அவங்களுக்குப் பயம்." அழவில்லை. பதினைந்து வயதில் இப்படிப் பேசக் கூடாது. ஒரு அறையைத் திறந்து வைத்து, வராதவர்களுக்கு அதைப் பூட்டினவள் நான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மகன் வந்திருக்கிறான். "என்னம்மா, அப்பா இவ்வளவு பேசறார்?" என்றான். "பட்டாசுச் சத்தத்துல உனக்கு அப்படிக் கேக்குது" என்றேன்.

நவம்பர் 4, திங்கள்

பள்ளி திறந்தது. பலர் ஊரிலிருந்து திரும்பவில்லை. கோபிகா வரவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

வரவில்லை. வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவள், "அவ ஊருக்குப் போயிட்டா டீச்சர்" என்றாள். "எனக்குத் தெரியும், உக்காரு" என்றேன்.

நவம்பர் 6, புதன்

சாயங்காலம் அறையில் நாலைந்து பிள்ளைகள்தான். தெய்வானை வெளியே போனவர் ஓட்டமாகத் திரும்பி வந்தார், மூச்சு இரைக்க. "டீச்சர், கேட்டுக்கு வாங். சீக்கிரம் வாங்."

கேட்டுக்கு வெளியே, ரோட்டின் அந்தப் பக்கம் முருகேஸ்வரி நின்றிருந்தார். பக்கத்தில் கோபிகா. காலடியில் துணிப்பை, ஒரு ஓலைப்பெட்டி. பஸ்ஸிலிருந்து நேராக வந்திருக்கிறார்கள். நான் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

முருகேஸ்வரி என்னைப் பார்க்காமல் எங்கள் பள்ளி கேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் ஆறாங் கிளாசு படிக்கையில ஒருநா பீஸ் கட்டலையோ என்னமோ, அப்பாவக் கூட்டிட்டு வான்னு வெளிய அனுப்புனாக. எங்கப்பா இந்தத் திருப்பூருக்குத்தான் சாயப்பட்டறை வேலைக்கு வந்திருந்தாரு. எங்க இருக்காருன்னு எங்களுக்கே தெரியாது. ஆத்தாவுக்கு மேலுக்குச் சொகமில்ல. ஆரக் கூட்டிட்டுப் போக? கேட்டு வாசல்லயே நின்னு பாத்தேன். அதுக்கு மேல போகல. அவ்வளவுதான் டீச்சர், எம் படிப்பு."

ஓலைப்பெட்டியைக் காலோரமாக நகர்த்தி வைத்துவிட்டு மேலே சொன்னார்.

"நேத்து முந்தாநாளு எங்கண்ணன் இவள அதே ஸ்கூல்ல சேக்கக் கூட்டிட்டுப் போனாரு. நான் தள்ளி நின்னேன். கேட்டுல ஒரு சாரு, மாமன்லாம் ஆகாது, அப்பாவக் கூட்டிட்டு வான்னாரு." இப்போதுதான் என்னைப் பார்த்தார். "இவ என்ன சொன்னான்னு தெரியுமா டீச்சர்? 'சரி சார்'ன்னா. செத்துப்போன மனுசன எங்கிருந்து கூட்டிட்டு வருவா? ஆனா தலயக் குனிஞ்சுக்கிட்டு 'சரி சார்'ன்னுட்டா. அன்னைக்கு நானும் அப்பிடித்தான் சொன்னேன். அதே கேட்டு. அதே 'சரி சார்'."

கோபிகா தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணங்கிட்டச் சொல்லாமக் கொள்ளாம பஸ் ஏறிட்டேன். இவளுக்கு அப்பா இல்ல. ஆனா ஆத்தா இருக்கேன்ல. நான் வந்தாப் போதும்னு சொன்னீகளே, இப்பவும் போதுமா?"

"போதும்" என்றேன். அழுதுவிட்டேன். நடுரோட்டில், தெருவே பார்க்க, கலாமணி டீச்சர் அழுதாள். எழுதி வைக்க எனக்கு வெட்கமில்லை.

முருகேஸ்வரி ரோட்டைக் கடந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கால் நின்றுவிட்டது. தெய்வானை ஒரு பக்கம், கோபிகா ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும்.

அப்புறம் முருகேஸ்வரி தானாகவே காலை எடுத்து உள்ளே வைத்தார்.

அறைக்குள் வந்து சுவரையெல்லாம் பார்த்தார். மேலே ஓடுகிற விசிறியைப் பார்த்தார். ஹெச்.எம். விஷயம் கேள்விப்பட்டு ஆபீஸிலிருந்து தானே இறங்கி வந்தார். முருகேஸ்வரி முதுகை நிமிர்த்தி, "நான் கோபிகாவோட அம்மா. சாயந்தரம் என் பிள்ளைய இந்தக்கா கூட அனுப்புங்க சார்" என்று தெளிவாகச் சொன்னார். "சரிங்கம்மா" என்றார் ஹெச்.எம். நான் மூணு நிமிஷம் என்று சொல்லியிருந்தேன், அத்தனைகூட ஆகவில்லை.

"உக்காருங்க, டீ வருது" என்றேன்.

முருகேஸ்வரி உட்காரவில்லை. வரிசையாகக் கிடந்த பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை மாதிரித் தணிந்த குரலில் கேட்டார்.

"நான் எந்தப் பெஞ்சுல உக்காரட்டும் டீச்சர்?"